ஆறு புள்ளிகளின் விலை

வைத்தியத்தின் வெற்றிகளைக் கணக்கெடுப்போர் பெரும்பாலும் மரணம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வர். நேற்று நூற்றுக்குத் தொண்ணூறு பேரைக் கொன்ற நோய் இன்று இருபது பேரையே கொல்கின்றது எனின், கணக்குத் தீர்ந்தது என்று ஏட்டை மூடிவிடுவது வழக்கம். குழந்தைகளின் மூளையிலே தோன்றும் கட்டிகளைப் பொறுத்தவரையில் ஏட்டை அவ்வளவு விரைவாக மூடிவிட இயலாது. பிழைத்த பிள்ளை வைத்தியசாலையை விட்டு வெளியேறும் நாளிலேதான் அந்தக் கணக்கின் கடினமான பக்கம் தொடங்குகின்றது. அப்பக்கத்தை எழுதுவோர் பெற்றோரும் ஆசிரியரும், பின்னாளில் வேலை கொடுப்போரும் ஆவர். ஆகையால் இதனை வைத்தியரிடம் மட்டும் விட்டுவிடாமல் ஒழுக்கவியற் பிரச்சினையாகவும் நோக்குதல் வேண்டும்.

முதலிற் சில உண்மைகளைத் தெரிந்துகொள்வோம். பொஸ்ரன் நகரிற் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங், தம்முடன் உழைத்த பேர்சிவல் பெய்லியோடு சேர்ந்து, 1925-இல் ஒருவகைக் கட்டியை ஏனையவற்றினின்றும் பிரித்தறிந்து அதற்கு மெடுலோபிளாஸ்ரோமா எனப் பெயரிட்டார். நம் பாடநூல்கள் மூளி என்று வழங்கும் சிறுமூளையிலே, பெரும்பாலும் சிறு பிள்ளைகளிடத்தே, தோன்றுவது அது. 1930-இல் குஷிங் தம் அநுபவத்தை ஒளிவுமறைவின்றி எழுதினார். நோயாளர் 61 பேர்; மூன்றாண்டு கழிந்தபோது உயிரோடிருந்தவர் ஒருவரே. கத்தியால் மட்டும் இந்நோயை வெல்ல முடியாது என்பது அன்றே தெளிவாயிற்று. கட்டியின் கலங்கள், மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்தோடும் பாய்பொருளிற் கலந்து எங்கும் பரவிவிடுகின்றன. மன்செஸ்ரர் நகரைச் சேர்ந்த எடித் பற்றர்சன் என்ற வைத்தியப் பெண்மணி, கட்டியிருந்த இடத்துக்கு மட்டுமன்றி மூளை முழுவதற்கும் முண்ணாண் முழுவதற்கும் கதிர் பாய்ச்சும் முறையைக் கையாண்டார். 1953-இல் அவரும் அவருடைய துணைவரும் வெளியிட்ட அறிக்கையிலே மூன்றாண்டு கடந்தோர் நூற்றுக்கு 65 பேர் என்று கண்டிருந்தது. வசதிபடைத்த நாடுகளில், நோய் வேறிடங்களுக்குப் பரவுமுன் கண்டறியப்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு எண்பது பேரளவில் இன்று ஐந்தாண்டைத் தாண்டுகின்றனர்.

இதனைச் சாதனை என்று சொல்லத் தயங்குவோர் எவருமிலர். ஆயின் அந்த எண்பது பேரும் யாவர்? அவர்கள் எவ்வாறு வளர்கின்றனர்?

கட்டி சிறுமூளையை அடுத்துள்ள அறையை அடைத்துக்கொள்ளும்போது பாய்பொருள் வெளியேற வழியின்றித் தேங்குகின்றது. தலைக்குள் அமுக்கம் ஏறுகின்றது. காலையிலே வாந்தி, தலையிடி, தள்ளாடும் நடை ஆகியவற்றோடு பிள்ளை வைத்தியரிடம் கொண்டுவரப்படும் நாளிலேயே மூளைக்கு ஒரு பங்கு தீங்கு நேர்ந்துவிட்டிருக்கும். அடுத்து வருவது கத்தி. இங்கே வியப்பும் துயரமும் கலந்த ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். சத்திரசிகிச்சை செவ்வனே முடிந்து பிள்ளை கண்விழித்துப் பேசுகின்றது, தாயைக் கூப்பிடுகின்றது. ஓரிரு நாட்களில் அப்பேச்சு அடியோடு நின்றுவிடுகின்றது. வாரக்கணக்காக, சிலவேளை மாதக்கணக்காக, ஒரு சொல்லும் வெளிவருவதில்லை. இது சிறுமூளையிலிருந்து பிறக்கும் ஊமைநிலை என்பதை 1985-இல் அமெரிக்க வைத்தியர்கள் எடுத்துக்காட்டினர். மெடுலோபிளாஸ்ரோமாவுக்காகச் சத்திரசிகிச்சை பெறும் பிள்ளைகளுள் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இது நேர்கின்றது என்பது பின்னைய கணக்கு. பேச்சு மீளுகின்றது, ஆனாற் பழைய பேச்சாக மீளுவதில்லை. அதனோடு சிந்தனையின் வேகமும் குன்றியிருப்பதைப் பின்னர் காண்கின்றனர்.

சிறுமூளை நடையையும் சமநிலையையும் மட்டுமே ஆள்கின்றது என்று நெடுங்காலம் கற்பித்து வந்தோம். 1998-இல் ஜெரெமி ஷ்மாமனும் ஜனெற் ஷேர்மனும் வெளியிட்ட ஆய்வு அந்நம்பிக்கையை அசைத்தது. திட்டமிடல், மொழி, இடவுணர்வு, உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகியனவும் அங்கே பழுதுபட்டால் குலைகின்றன என அவர்கள் காட்டினர். 2000-இல் இத்தாலிய ஆய்வாளர் இருவர், சிறுமூளையின் வலப்பக்கத்தில் கத்திபட்ட பிள்ளைகள் மொழியிலும், இடப்பக்கத்திற் பட்டோர் மொழிசாரா அறிவிலும் இடர்ப்படுவதாக எழுதினர். 2005-இல் வெளியான வேறோர் ஆய்வு 103 பிள்ளைகளைப் பற்றியது. அவர்களுக்கு இருந்தது கொடிய கட்டியன்று. சத்திரசிகிச்சை ஒன்றினாலேயே குணமாகிவிடும் வகை. கதிர் படாத அப்பிள்ளைகளிடையேயும் கற்றலிலும் அன்றாட வாழ்விலும் இடர்ப்பாடு எதிர்பார்த்ததற்கு மேலாகவே காணப்பட்டது. எனவே நாம் பேசும் பொருள் புற்றுநோயையும் கடந்தது. தலை திறக்கப்பட்ட பிள்ளை எதுவும் இதற்கு அந்நியமன்று.

கதிரோ கத்தியைவிடப் பொறுமையானது. நரம்புநார்களைச் சுற்றியுள்ள மயலின் உறைதான் செய்தி விரைந்தோட வழிசெய்வது. பிள்ளைப் பருவத்திலே அவ்வுறை இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றது. கதிர் பட்டபின் மூளையின் வெண்சடப்பொருள் வளரவேண்டிய அளவுக்கு வளர்வதில்லை. வயது குறையக் குறையத் தீங்கு கூடும். மூன்று வயதுக்குட்பட்ட மழலைகளுக்குக் கதிர்ச்சிகிச்சையைத் தள்ளிவைத்து இரசாயனச் சிகிச்சையால் காலத்தை ஓட்டும் முயற்சி இதனாலேயே எழுந்தது. அதன் முடிவுகள் 1993-இல் வெளிவந்தன.

இனி, இக்கட்டுரையின் மையமான எண்ணுக்கு வருவோம். மெம்பிஸ் நகரிலுள்ள செயின்ற் ஜூட் வைத்தியசாலையின் ஆய்வாளர்கள், சத்திரசிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையும் பெற்ற 44 பிள்ளைகளை ஆண்டுதோறும் சோதித்து 2001-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பிள்ளைகளின் நுண்மதி ஈவு ஆண்டுக்கு 2.55 புள்ளி வீதம் இறங்கிக்கொண்டே சென்றது. இதனைப் படிக்கும் எவருக்கும் தோன்றும் காட்சி, நீர் வற்றும் குளத்தின் காட்சி. பிள்ளை கற்றதையெல்லாம் மறந்துகொண்டே போகின்றது என்று எண்ணுவோம். அவ்வாய்வாளர்களே அவ்வெண்ணத்தை மறுத்தனர். பிள்ளைகள் பெற்றிருந்த அறிவை இழக்கவில்லை. சென்ற ஆண்டு விடையளித்த வினாக்களுக்கு இவ்வாண்டும் விடையளித்தனர். புதிய சிலவற்றுக்கும் விடையளித்தனர். ஆனால் ஒத்த வயதினர் பெறும் வேகத்தில் ஏறக்குறைய பாதி வேகத்திலேயே அவர்கள் புதியவற்றைப் பெற்றனர். ஏறிக்கொண்டிருந்த பிள்ளையையே எண் இறங்குவதாகக் காட்டியது.

இது எங்ஙனம் என்பதை அறிய அந்த எண்ணின் பிறப்பை அறிய வேண்டும். பாரிஸ் நகரப் பாடசாலைகளில் தனிக் கவனிப்பு வேண்டிய பிள்ளைகள் யாவர் என்று கண்டறிவதற்காக 1905-இல் அல்பிரட் பினேயும் தியோடோர் சிமோனும் ஒரு வினாத் தொகுதியை அமைத்தனர். பின்தங்கிய பிள்ளைக்கு உதவி கிட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். பினே 1911-இல் மறைந்தார். மறு ஆண்டிலே வில்லியம் ஸ்டேர்ண் என்ற ஜேர்மானியர், மன வயதை உடல் வயதால் வகுத்து ஓர் ஈவு காணும் வழியைப் புகுத்தினார். இன்றைய சோதனைகள் வகுத்தலைக் கைவிட்டு, ஒத்த வயதினரின் சராசரியை நூறு என வைத்து அதனின்றும் உள்ள தூரத்தையே அளக்கின்றன. ஆகவே நுண்மதி ஈவு ஒரு பிள்ளையின் அறிவின் அளவு அன்று. ஓடும் வரிசையிலே அதன் இடம். இரு பிள்ளைகள் ஒரே தெருவில் நடக்கின்றனர். ஒருவன் கால் நொந்து மெல்ல நடக்கின்றான். இருவருக்குமிடையே தூரம் கூடிக்கொண்டே போவதைக் கண்டு, மெல்ல நடப்பவன் பின்னோக்கிச் செல்கின்றான் என்று எவரும் சொல்லார். வகுப்பறையில் மட்டும் நாம் அவ்வாறே சொல்கின்றோம்.

ஆசிரியரான வாசகர் இதனை நான் சொல்லாமலே அறிவர். சிகிச்சை முடிந்து திரும்பும் பிள்ளையை முதலாண்டிற் பாடசாலை முழுவதும் அன்போடு வரவேற்கும். தொப்பியால் மறைத்த தலை எல்லோருடைய இரக்கத்தையும் பெறும். அவ்வாண்டிற் பிள்ளையின் புள்ளிகளும் பெரிதாகக் குறைந்திரா. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் இடைவெளி விரிகின்றது. அப்போதோ முடி வளர்ந்து தழும்பை மூடிவிட்டது, வகுப்பாசிரியரும் மாறிவிட்டார். பிள்ளை கரும்பலகையில் உள்ளதைப் பாதி எழுதுமுன் பலகை அழிக்கப்படுகின்றது. வினாவுக்கு விடை அதற்குத் தெரியும். வாய் திறக்குமுன் வேறொருவன் சொல்லிவிடுகின்றான். மதியத்துக்குமேல் களைப்பு மேலிட்டுத் தலை மேசையிற் சாய்கின்றது. சோம்பேறி என்ற பெயர் கிட்டுகின்றது. அப்பெயரிற் பிள்ளைக்கே நம்பிக்கை பிறந்துவிடுவது அதனினும் கேடு. நுண்மதிச் சோதனையிலே முதலில் வீழ்வது வேகமும் கவனமும், ஒன்றைச் சிறிதுநேரம் மனத்தில் தாங்கிநிற்கும் ஆற்றலுமே என்று ஆய்வுகள் கூறுகின்றன. நாம் நடத்தும் பரீட்சைகளோ வேறெதை அளந்தாலும் அளக்காவிட்டாலும் வேகத்தை அளக்கத் தவறுவதில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் பத்து வயதுப் பிள்ளைகளை மணிக்கூட்டை வைத்துப் பழக்கும் நம் நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

அமெரிக்கச் சட்டத்திலே ஒரு விசித்திரம் உண்டு. இயலாமையுள்ள பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வி அளிக்கப்பட வேண்டும் என்று 1975-இற் சட்டம் செய்தனர். 1990-இல் அதனைத் திருத்தியபோது மூளைக்காயம் என்ற ஒரு பிரிவைச் சேர்த்தனர். ஆனால் அப்பிரிவு வெளியிலிருந்து தாக்கும் விசையினால் நேர்ந்த காயத்தையே குறிக்கின்றது. காரில் அடிபட்ட பிள்ளை அதில் அடங்கும். கட்டியாலும் கதிராலும் மூளை பழுதுபட்ட பிள்ளை அடங்காது. 'பிற உடல்நலக் குறைபாடு' என்ற பொதுப் பெட்டிக்குள்ளேதான் அதற்கு இடம். பெயர் எதுவாயினும் உதவி கிடைத்தாற் சரி என்பர். எனினும், ஒரு பிள்ளைக்கு நேர்ந்தது என்னவென்று சொல்லப் பெயரில்லாத இடத்தில், அதற்கு வேண்டியது என்னவென்று கேட்கவும் நாவெழுவதில்லை.

இவ்விழப்புக்குத் தத்துவ நோக்கிலும் ஒரு தனித்தன்மை உண்டு. நாற்பது வயதிலே மூளை பழுதுபட்டவர் தம்மிடம் இருந்ததை இழக்கின்றார். அவருக்கு ஒரு நேற்று உண்டு. அதனை நினைந்து அழ முடியும். ஐந்து வயதுப் பிள்ளை இழப்பது தன்னிடம் இருந்ததையன்று, இனிமேல் வந்திருக்கக்கூடியதை. அவ்வாறு வந்திருக்கக்கூடிய மனிதன் என்றும் பிறக்கவில்லை. பிறவாதவனுக்காக யார் துக்கம் காப்பது? பெற்றோர் காக்கின்றனர். அவர்களுடைய துக்கம் உண்மையானது. ஆயினும் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. இல்லாத பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண், இருக்கும் பிள்ளையைக் குறைபட்ட பிரதியாகவே காணும். இப்பிள்ளையோ எதனுடைய பிரதியும் அன்று. தன் வேகத்திலே உலகைக் கண்டு, தன் வேகத்திலே நட்புச் செய்து வளர்கின்ற ஒரு முழு மனிதப் பிறவி அது. நினைவாற்றலையும் பகுத்தறிவையுமே மனிதத் தன்மையின் சாரமாகக் கொண்ட மெய்யியலாளர் பலர். அவர்களுடைய இலக்கணத்துக்குள் இப்பிள்ளையை அடக்க முயன்றால் உடைவது அவ்விலக்கணமே.

இனி வைத்தியரின் மேசைக்குச் செல்வோம். முன்பு மூளைக்கும் முண்ணாணுக்கும் பாய்ச்சப்பட்ட கதிரின் அளவு 36 கிரே. அறிவுக்கு நேரும் தீங்கைக் கண்டவர்கள் அளவைக் குறைக்க விழைந்தனர். 1986-இல் அமெரிக்காவிலே 36-ஐயும் 23.4-ஐயும் ஒப்பிடும் சோதனை ஒன்று தொடங்கிற்று. குறைந்த அளவு பெற்றோரிடையே நோய் மீளக் கண்டு 1990-இல் அதனை நிறுத்தினர். பின்னர் இரசாயனச் சிகிச்சையைச் சேர்த்துக்கொண்டு 23.4 கிரேயே போதும் என்று 1999-இற் காட்டினர். இன்னும் குறைக்கலாமோ? 2004 முதல் 2014 வரை நடந்த பெருஞ் சோதனையிலே மூன்று முதல் ஏழு வயதுவரையான பிள்ளைகள் இரு பகுதியாகப் பிரிக்கப்பட்டனர். எப்பிள்ளை எப்பகுதி என்பதைத் தீர்மானித்தது குலுக்கல். ஒரு பகுதிக்கு 23.4 கிரே, மற்றதற்கு 18. முடிவு 2021-இல் வெளிவந்தது. ஐந்தாண்டின் பின், நோய் மீளாமலும் வேறு கேடு நேராமலும் இருந்தோர் முதற் பகுதியில் நூற்றுக்கு 82.9, இரண்டாம் பகுதியில் 71.4. அறிவைப் பொறுத்தவரையிலோ, கூடிய அளவு பெற்ற பிள்ளைகளின் நுண்மதி ஈவு காலப்போக்கில் மற்றவர்களுடையதைவிட ஏறக்குறைய ஆறு புள்ளி கூடுதலாக இறங்கியிருந்தது.

துலாக்கோலின் ஒரு தட்டில் நூறு பிள்ளைகளுள் பதினொருவர் அல்லது பன்னிருவர். மறுதட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு புள்ளி. உயிரே பெரிது, இதில் ஆராய என்ன இருக்கின்றது என்பார் உளர். வைத்தியர்களும் அவ்வாறே முடிவு செய்து 23.4-ஐ வைத்துக்கொண்டனர், அது சரியான முடிவே. ஆனால் அந்த முடிவைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவோர்மீது எனக்கு மதிப்பில்லை. உயிரைக் காக்க ஆறு புள்ளியைக் கொடுத்தவர் வைத்தியரும் அல்லர், கையொப்பமிட்ட தந்தையும் அல்லர். கொடுத்தது பிள்ளை, அதனை எவரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது. பிறருடைய பொருளை அவருடைய நன்மைக்காகவே செலவு செய்தவர்கூடக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். இத்தகைய பிள்ளை பிழைத்து என்ன பயன் என்று கேட்கும் வேறொரு கூட்டமும் உண்டு. அறிவை நாணயமாக்கி மனிதரை விலைபேசும் அக்கேள்விக்கு விடையளிக்க வேண்டியதில்லை.

நான் ஆராய விரும்புவது மற்றொன்று. ஆறு புள்ளி என்பது எவ்வளவு பெரிது? மூளையை மட்டும் பார்த்து இதற்கு விடை காண முடியாது. பரீட்சை மண்டபத்தில் மேலும் அரைமணி நேரம் தரும் பாடசாலையில் ஆறு புள்ளிக்கு ஒரு விலை. மணியடித்தவுடன் தாளைப் பறிக்கும் பாடசாலையில் வேறு விலை. 2006-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். பிள்ளைப் பருவத்தில் மூளைக்கட்டி வந்து பிழைத்தோர், ஏனையோரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வேலையின்மைக்கு ஆளாகும் நிலையில் இருந்தனர். அத்தொகுப்பிலேயே இன்னொரு செய்தியும் உண்டு. பிள்ளைப் பருவப் புற்றுநோயினின்றும் பிழைத்தோர் அனைவரையும் ஒருங்கே எடுத்தால், அமெரிக்காவில் வேலையின்மை அபாயம் மூன்று மடங்காக இருந்தது. ஐரோப்பாவிலே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. மருந்தும் கதிரும் இரு கரையிலும் ஏறக்குறைய ஒன்றே. அமெரிக்காவிலே தொழிலாளி பெரும்பாலும் தன் வைத்தியக் காப்புறுதியை முதலாளியின் கையிலிருந்தே பெறுகின்றான். நோய் வரலாறுள்ளவனை வேலைக்கு எடுக்கத் தயங்கும் முதலாளி அங்கே கூடுதலாக இருப்பதில் வியப்பென்ன? வறிய குடும்பங்களிற் பிறந்த பிள்ளைகளிடம் அறிவிழப்பு மேலும் கடுமையாகக் காணப்படுவதாக ஆய்வுகள் காட்டுவதும் இதே திசையைச் சுட்டுகின்றது. மயலின் உறை செல்வர், வறியர் என்று பார்ப்பதில்லை. தனிப்பாடம் சொல்லிக்கொடுக்க நேரமுள்ள தாயும், பிள்ளையைத் தேய்வின்றிச் சோதிக்கும் உளவியலாளரும், பாடசாலையோடு வாதாடத் துணிவுள்ள தந்தையும் எல்லா வீட்டிலும் வாய்ப்பதில்லை.

இவ்வாறு கூறும்போது எல்லாப் பழியையும் சமுதாயத்தின்மேற் சுமத்தி, காயம் என்பதே கற்பனை என்று சொல்லிவிடலாகாது. முற்போக்காளர் சிலரிடம் இந்தப் பழக்கம் உண்டு. இயலாமை முழுவதும் பிறர் பார்வையிலேதான் இருக்கின்றது என்று அவர்கள் எழுதும்போது, பிற்பகல் இரண்டு மணிக்கே களைத்துப்போகும் பிள்ளை அவர்களுடைய ஏட்டிலிருந்து மறைந்துவிடுகின்றது. சிகிச்சை மருந்தினாற் செவி மந்தமாவதும், கதிரினால் வளர்ச்சிச் சுரப்புக் குன்றி உயரம் குறைவதும் எவருடைய பார்வையாலும் வந்தவை அல்ல. காயம் உண்மை. அதன் விலையை ஏற்றுவதும் இறக்குவதும் நம் கையில் இருப்பதும் உண்மை.

அறிவியலும் கைகட்டி நிற்கவில்லை. இக்கட்டி ஒரே நோயன்று, குறைந்தது நால்வகைப்பட்டது என்று 2012-இல் ஆய்வாளர்கள் உடன்பட்டனர். அவற்றுள் ஒருவகை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோரை வாழவிடுகின்றது. அத்தகையோருக்குக் கதிரைக் குறைத்துப் பார்க்கும் முயற்சிகள் எழுந்துள்ளன. சாதாரணக் கதிருக்குப் பதிலாகப் புரோத்தன் கற்றையைப் பயன்படுத்தினால் அறிவு கூடுதலாகக் காக்கப்படுகின்றது என்று 2020-இல் வெளியான ஓர் ஒப்பீடு தெரிவிக்கின்றது. அப்பொறியை வாங்க வல்ல நாடுகள் சிலவே. ரொறன்ரோவிலே கதிர் பட்ட சிறு தொகையினரான பிள்ளைகளை ஒழுங்காக ஓடியாட வைத்தபோது, வெண்சடப்பொருளில் நல்ல மாற்றமும் செயல் வேகத்தில் முன்னேற்றமும் கண்டனர். இதற்குப் பொறி வேண்டியதில்லை. ஒரு மைதானமும், மெல்ல ஓடும் பிள்ளையையும் ஆட்டத்திற் சேர்த்துக்கொள்ளும் ஓர் ஆசிரியரும் போதும்.

2004-இல் அந்தப் பெருஞ் சோதனையில் முதன்முதலிற் சேர்க்கப்பட்ட பிள்ளைகளுட் பிழைத்தோர் இன்று இருபது வயதைக் கடந்தவர்கள். அன்று அவர்களைக் கேட்க முடியவில்லை, இன்று கேட்கலாம். குறியீடுகளை இரண்டு நிமிடத்திற்குள் படியெடுக்கச் சொல்லும் சோதனைத் தாளை அவர்கள் முன் வைப்பதோடு நில்லாமல், பாடசாலை எந்த வகுப்பில் அவர்களைக் கைவிட்டது, எந்த ஆசிரியர் விடை வரும்வரை காத்திருந்தார், முதல் வேலையில் எத்தனை மாதம் நீடிக்க முடிந்தது, மாலையில் யாருடன் பேசுகின்றனர் என்பனவற்றையும் கேட்டு எழுதினால், அடுத்த பிள்ளைக்கு எத்தனை கிரே என்று தீர்மானிப்போரின் மேசையிலே அவ்விடைகளும் இருக்கும்.